பல கைகள், ஒரு நூல்

சில ஆண்டுகளுக்கு முன், பெரியதோர் அறிக்கையைத் தமிழாக்கும் பொறுப்பு ஓர் அலுவலகத்திலிருந்து எங்களுள் நால்வரிடம் வந்தது. பக்கங்களைப் பங்கிட்டுக்கொண்டு, குறித்த நாளில் முடித்தும் கொடுத்தோம். அச்சாகி வந்த பின் அதனைப் படித்த அன்பர் ஒருவர், “இயக்குநர் என்பவரும் நெறியாளர் என்பவரும் ஒருவர்தாமா, இருவரா?” என்று வினவினார். ஒரே பதவிக்கு நாங்கள் இரண்டு பெயர்களை வழங்கியிருந்தோம். தனித்தனியே பார்த்தால் இரண்டு சொல்லும் பொருத்தமானவையே. நால்வர் எழுத்தையும் ஒருசேர வைத்து நோக்கும் கடமை எவரிடமும் ஒப்படைக்கப்படாததே குறை.

அக்கடமையே தனியானதொரு தொழில் என்பதை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், கலைப் பாடங்கள் பயின்று பட்டம் பெற்ற மக்களைப் பார்த்து, “இப்படிப்புக்கு என்ன உத்தியோகம் கிடைக்கும்?” என்று பெற்றோர் கவலையுறுவதை அடிக்கடி காண்கிறோம். ஆசிரியர் வேலையையும் எழுத்தர் வேலையையும் அறிந்த அளவுக்கு, பதிப்புத் திட்டங்களை நடத்தும் வேலையை நம்மவர் அறியவில்லை. எழுதுவோர், மொழிபெயர்ப்போர், ஓவியர், அச்சகத்தார் ஆகிய பலரையும் ஒரு நோக்கில் இணைத்து, குறித்த காலத்தில், குறித்த செலவில், ஒரு படைப்பைப் பிழையின்றி வெளிக்கொணர்வதே இவ்வேலை. இதனைச் செய்வோரை இன்று திட்ட ஆசிரியர், பதிப்பு மேலாளர், உள்ளடக்க மேலாளர் எனப் பலவாறு அழைக்கின்றனர்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு தலைநகரிலேயே உண்டு. காந்தியடிகளின் எழுத்தும் பேச்சும் அனைத்தையும் ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிடும் திட்டத்தை மத்திய அரசு 1956ஆம் ஆண்டில் தொடங்கியது. முதல் தலைமைப் பதிப்பாசிரியரான பரதன் குமரப்பா தமிழர். 1958இல் முதல் தொகுதி வெளிவருமுன்னரே அவர் மறைந்தார். ஜெயராம்தாஸ் தௌலத்ராம் அவரையடுத்துப் பொறுப்பேற்றார். பின்னர் 1960இல் அப்பொறுப்பு, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக விளங்கிய கே. சுவாமிநாதனிடம் வந்தது. புதுக்கோட்டையில் பிறந்த அவர், அறுபது வயதைக் கடந்த பின் ஏற்ற இப்பணியை ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் நடத்தினார். 1994இல் நூறாவது தொகுதியோடு பணி நிறைவுற்றது.

நூறு தொகுதிகளையும் ஒரு நூலாகச் செய்தது எது? முன்கூட்டியே வகுத்துக்கொண்ட விதிகளே. எல்லாம் கால வரிசையில் அமைதல் வேண்டும். தேதியில்லாத கடிதமாயின், அதன் உள்ளடக்கத்தைக் கொண்டு நாளை உய்த்துணர்ந்து பகர அடைப்புக்குள் தருதல் வேண்டும். குஜராத்தியிலிருந்தோ இந்தியிலிருந்தோ பெயர்த்ததாயின் அதைக் குறித்தல் வேண்டும். மூலம் கையெழுத்துப் படியா, பத்திரிகையா என்பதை ஒவ்வொன்றின் அடியிலும் சொல்லுதல் வேண்டும். ஆட்கள் மாறினும் விதி மாறவில்லை. ஆகவே வாசகர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அச்சொற்களை நம்பக்கூடிய நிலை ஏற்பட்டது.

அந்நம்பிக்கை எவ்வளவு எளிதில் குலையும் என்பதும் பின்னர் விளங்கியது. 1990களின் இறுதியில் இத்தொகுப்பின் திருத்திய பதிப்பொன்று குறுந்தகடாகவும், பின்னர் நூல்களாகவும் வந்தது. அதில் பல பதிவுகள் விடுபட்டிருப்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டவே, அது திரும்பப் பெறப்பட்டது. பழைய பதிப்பே இன்று இணையத்தில் எவரும் படிக்கக் கிடைக்கிறது. அறிஞர் அதனைச் சுவாமிநாதனின் பெயரின் முதலெழுத்துக்களாலேயே வழங்குகின்றனர்.

அத்தகைய பெரும்பணி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனினும் பாடநூல், நாளிதழ், ஒலிநூல், திரைப்பட வசனப் பெயர்ப்பு, அரசு வெளியீடு, நிறுவனங்களின் இணையதளம் ஆகிய ஒவ்வொன்றிலும் இவ்வேலை உண்டு. மும்பையிலோ பெங்களூரிலோ தில்லியிலோ உள்ள நிறுவனம் பல மொழிகளில் ஒரே செய்தியை வெளியிடும்போது, தமிழோடு ஆங்கிலமும் இந்தியும், வாழும் ஊரின் மொழியும் அறிந்தவர் அங்கே பெரிதும் பயன்படுவார். ஆனால் மொழியறிவு மட்டும் போதாது. சொற்பட்டியலும் காலக்குறிப்பும் வகுக்கவும், அச்சுச் செலவைக் கணக்கிடவும், காப்புரிமைச் சட்டத்தை அறியவும் வேண்டும். நம் நாட்டில் நூலின் உரிமை பொதுவாக ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது என்பதை அறியாதவர் தம் நிறுவனத்தை வழக்கில் சிக்கவைப்பார். எல்லாவற்றிற்கும் மேலாக, எழுத்தாளர் மனம் நோகாமல் அவர் எழுத்தில் கை வைக்கும் பண்பு வேண்டும்.

தொடக்கத்திலேயே இப்பதவி கிட்டுவது அரிது. மெய்ப்புத் திருத்துவோராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் சில ஆண்டுகள் உழைத்தவரே பெரும்பாலும் இதற்கு உயர்கின்றனர். பயிற்சிக்கோ நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் ஆண்டு மலர் வெளியிடுகிறதன்றோ? அடுத்த மலரின் பொறுப்பை உங்கள் மகனோ மகளோ ஏற்கட்டும். கட்டுரை தருவதாகச் சொன்னவர் தராமலிருப்பதும், விளம்பரத் தொகை தாமதிப்பதும், விழாவுக்கு முதல் நாள் தலைவர் பெயரில் எழுத்துப் பிழை தென்படுவதும் அங்கேயே அனுபவமாகும். விழா நாளன்று மலர் பிழையின்றி மேடைக்கு வந்துவிட்டால், இத்தொழிலின் முதற்பாடத்தில் தேறியாயிற்று என்று கொள்ளலாம்.