பட்டவன்தான் பாட வேண்டுமா?

பெங்களூருவில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் பேத்தி ஒருநாள் கடைக்கே வந்து கேட்டாள்: “தாத்தா, கவிஞர் தான் பட்டதைத்தான் பாடணுமா?” பித்தளைப் பாத்திரம் நிறுப்பவனிடம் கேட்கிற கேள்வியா! ஆனாலும் அதில் எனக்கும் ஒரு சொந்தக் கணக்கு இருந்தது.

ஆங்கிலத்தில் இதற்கு மூன்று விடைகள் உண்டு. ரொமான்டிக் கவிஞரான வேர்ட்ஸ்வொர்த், தானாகப் பொங்கும் உணர்ச்சியே கவிதைக்கு ஊற்று என்று 1800ஆம் ஆண்டு முன்னுரையில் சொன்னார். பொங்கியதும் எழுதிவிடச் சொன்னார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, அடங்கிய பின் அமைதியாக நினைத்துப் பார்த்து எழுதுவதையும் சேர்த்தே சொன்னார். ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்ட பாரதிக்கும் இம்மரபில் பற்று உண்டு.

மெட்டாபிசிக்கல் கவிஞரான ஜான் டன் (1572–1631) அவருக்கு இரு நூற்றாண்டு மூத்தவர். பிரியும் காதலரைக் கவராயத்தின் இரு கால்களுக்கு ஒப்பிட்டார். ஒரு கால் நடுவில் நிற்கும். மற்றது சுற்றிவிட்டு அதனிடமே திரும்பும். இங்கே உணர்ச்சி அறிவின் கைபிடித்து நடக்கிறது.

நவீனத்துவரான டி.எஸ். எலியட், கவிஞரின் சொந்த உணர்ச்சி வேறு, கவிதையின் உணர்ச்சி வேறு என்று 1919இல் பிரித்தார். உணர்ச்சியைப் பெயர் சொல்லாமல், அதை எழுப்பும் பொருளையும் சூழலையும் காட்டச் சொன்னார். 1921இல் டன் முதலியோரை உயர்த்திப் பேசியவரும் அவரே.

இதைப் படித்தபோது, ‘அட, நம்ம வீட்டுச் சரக்கு மாதிரி இருக்கே’ என்று தோன்றியது. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உண்டு. உள்ளத்து உணர்ச்சி உடம்பில் புலப்படுவது மெய்ப்பாடு. அகப்பாட்டில் தலைமக்கள் பெயர் வரக்கூடாது. கடற்கரையும் சாயும் பொழுதும் நெய்தலின் இரக்கத்தைச் சொல்லிவிடும். கபிலர் ஆண், அவர் பாட்டில் தலைவியும் தோழியும் பேசுகிறார்கள். ஆனாலும் இரண்டும் ஒன்றே என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எலியட் கேட்ட பொருளை ஒவ்வொரு கவிஞரும் தேட வேண்டும். திணையோ கேட்போருக்கும் முன்பே தெரிந்த பொதுமொழி.

எங்கள் சமணத் துறவி திருத்தக்கதேவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. “துறவியால் காதலைப் பாட முடியுமோ?” என்று புலவர்கள் கேட்டார்களாம். அவர் பாடியது சீவக சிந்தாமணி. மணநூல் என்றே அதற்கு இன்னொரு பெயர். கதை எப்படியோ போகட்டும், 1887இல் உ.வே.சா. பதிப்பித்த நூல் கையில் இருக்கிறது.

இனி என் கணக்கு. மனைவி மறைந்த மாதம் நாற்பது வரியில் இரங்கற்பா எழுதினேன். கண்ணீர், நெஞ்சம், ஐயோ எல்லாம் இருந்தன. பேத்தி படித்துவிட்டு, “பாட்டி இதுல இல்லையே தாத்தா” என்றாள். உண்மைதான். பட்டவன் நான், பாடத் தெரியவில்லை. தண்ணீர் வடிகட்ட அவள் குழாயில் கட்டிய வெள்ளைத் துணி இன்னும் அங்கேயே இருக்கிறது. அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. அந்தத் துணியைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

வெளிமாநிலத்தில் நம் பிள்ளைகள் கவிதையை ஆங்கில வழியேதான் முதலில் அறிகிறார்கள். நல்லதுதான். வேர்ட்ஸ்வொர்த்துக்கும் எலியட்டுக்கும் பக்கத்தில் மெய்ப்பாட்டியலையும் திறந்து வையுங்கள். நானும் அந்த நாற்பது வரியைக் கிழித்துவிட்டு, துணியிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறேன்.