தண்ணீர் ஊற்றுவது பிள்ளையின் வேலை, கழிப்பறை கழுவுவது அல்ல

பத்து வயதாகியும் கழிப்பறைக்குப் போய்விட்டுத் தண்ணீர் ஊற்றாமல் வந்து நிற்கும் பிள்ளைகள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். பின்னாலேயே அம்மாவோ பாட்டியோ வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். கேட்டால், "சின்னப் பிள்ளைதானே, போகப் போகச் சரியாகிவிடும்" என்கிறார்கள். இப்படி வளர்ந்த பிள்ளைகள் இருநூறு பேர் பள்ளியில் நான்கே நான்கு கழிப்பறைகளுக்குப் போய்வந்தால், முதல் இடைவேளை முடிவதற்குள் அங்கே கால் வைக்க முடியாது. துப்புரவுப் பணியாளர் வரவில்லை, அல்லது அப்படி ஒருவர் நியமிக்கப்படவே இல்லை. அப்போது சில பள்ளிகளில் தலைமை ஆசிரியர் வகுப்புக்குள் வந்து நாலு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவர்கள் கையில் துடைப்பமும் பிளீச்சிங் பவுடரும் கொடுக்கப்படுகின்றன.

அந்த நாலு பேர் யார்? இதுவரை வெளியே வந்த புகார்களைப் பாருங்கள். திரும்பத் திரும்ப அவர்கள் காலனியிலிருந்து வரும் பிள்ளைகள்தான். 2022ஆம் ஆண்டின் கடைசியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பகுதியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில் ஒரு தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, கைதும் செய்யப்பட்டார். ஒரு பிள்ளைக்கு டெங்கு வந்த பிறகு, தாய் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு டிசம்பரில் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் உறைவிடப் பள்ளி மாணவர்களைக் கழிவுத் தொட்டிக்குள்ளேயே இறக்கிவிட்டார்கள். பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டில் சொல்லாமல் இருப்பது வழக்கமாக நடக்கிறது. பெற்றோர் கேட்பதும் இல்லை. "இன்னைக்கு என்ன பாடம் நடந்துச்சு?" என்று கேட்பவர்கள் "பள்ளிக்கூடத்துல கக்கூஸ் எப்படி இருக்கு, யார் கழுவுறாங்க?" என்று ஒரு நாளும் கேட்பதில்லை. கேளுங்கள்.

எது பிள்ளையின் வேலை, எது அல்ல என்பதில்தான் பலருக்குக் குழப்பம். தான் போனதற்குத் தானே தண்ணீர் ஊற்றுவது, தான் நனைத்த தரையைத் தள்ளிவிடுவது, சோப்புப் போட்டுக் கை கழுவுவது ஆகியவை பிள்ளையின் வேலை. வீட்டிலும் சரி, பள்ளியிலும் சரி. அடுத்தவர் மலத்தைக் கழுவுவது, பீங்கானைப் பிரஷ்ஷால் தேய்ப்பது, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கையாள்வது ஆகியவை பிள்ளையின் வேலை அல்ல. முன்னதைக் கற்றுக்கொடுக்காமல் விடுவது பெற்றோரின் அலட்சியம். பின்னதைச் செய்ய வைப்பது குற்றம். அந்த அலட்சியம் இந்தக் குற்றத்துக்குச் சமாதானம் ஆகாது. "உங்க பிள்ளைகளுக்கு ஒழுங்கா தண்ணி ஊத்தத் தெரியல, அதனாலதான் கழுவச் சொன்னோம்" என்று எந்தத் தலைமை ஆசிரியர் சொன்னாலும் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

முதலில் வீடு. மூன்று, நான்கு வயதிலேயே கூட நின்று பழக்கத் தொடங்கலாம். பள்ளிக்குப் போகும் வயதில் தானாகச் செய்ய வேண்டும். உட்காரும் முன் பீங்கானில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஈரமான பீங்கானில் மலம் அவ்வளவாக ஒட்டாது. பிறகு ஊற்றும்போது சொட்டுச் சொட்டாக விடாமல் வேகமாக ஊற்ற வேண்டும். ஊற்றியதும் குனிந்து ஒருமுறை பார்க்க வேண்டும். போகவில்லை என்றால் மறுபடி ஊற்ற வேண்டும். அந்த ஒரு பார்வையைப் பழக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிள்ளை செய்யவில்லை என்று திட்டும் முன், அந்தப் பிள்ளையால் செய்ய முடியுமா என்று பாருங்கள். குழாய் எட்டுகிறதா? குவளை அந்தக் கைக்கு அடங்குமா? ஃபிளஷ் பொத்தான் பெரியவர்களுக்கே இரண்டு விரல் வைத்து அழுத்த வேண்டியதாக இருக்கிறதா? விளக்கு இருக்கிறதா? இருட்டுக்குப் பயந்து பாதியில் ஓடிவரும் பிள்ளையைச் சோம்பேறி என்பது அநியாயம். சின்ன வாளியும் சின்னக் குவளையும் வாங்கி வையுங்கள். கைக்குழந்தையோ தவழும் குழந்தையோ இருக்கும் வீட்டில் வாளியில் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கதவைத் திறந்து போடாதீர்கள். ஒரு சாண் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தாலும் அந்தக் குழந்தையால் எழ முடியாது.

அண்ணன் அசுத்தம் செய்துவிட்டு வர, தங்கையைத் தண்ணீர் ஊற்றச் சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இது உடனே நிற்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. "மார்க் குறைஞ்சா கக்கூஸ் கழுவத்தான் போகணும்" என்று பிள்ளையை மிரட்டாதீர்கள். கழிப்பறை வேலை தோற்றவர்களுக்கு, கீழே இருப்பவர்களுக்கு உரியது என்று அந்த ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்துவிடுகிறது. அதைக் கேட்டு வளர்ந்தவர்தான் பின்னாளில் ஆசிரியராகி நாலு பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

ஜப்பானில் பிள்ளைகளே பள்ளியைச் சுத்தம் செய்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். அங்கே எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துச் செய்கிறார்கள். அந்த வேலை பிறப்பைப் பார்த்து யார் தலையிலும் விழுவதில்லை. இங்கே அப்படியா? சாதி பார்த்துத் துடைப்பம் கொடுக்கும் ஊரில் ஜப்பானைத் துணைக்கு அழைக்க வேண்டாம்.

அடுத்து, கழுவப் பயன்படுத்தும் பொருள்களின் ஆபத்தைப் பற்றி. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலந்த கழிப்பறைத் திரவம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்று வராத சின்ன அறையில் அதைச் சுவாசித்தால் நுரையீரல் புண்ணாகும், மூச்சு முட்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்து. வீட்டிலும் இரண்டையும் ஒரே நாளில் ஒரே கழிப்பறையில் ஊற்றாதீர்கள். ஆசிட் தோலிலோ கண்ணிலோ பட்டால் குழாய்த் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே 108. இந்தத் திரவத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் வீடுகளில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம்.

இப்போது, பள்ளியில் பிள்ளையைக் கழுவ வைத்திருக்கிறார்கள் என்று தெரியவந்தால் என்ன செய்வது? பெரும்பாலானோர் பள்ளி வாசலில் போய்ச் சத்தம் போடுகிறார்கள், வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். இரண்டு நாளில் எல்லாம் அடங்கிவிடும், கையில் ஒரு காகிதம்கூட இருக்காது. வீடியோவில் பிள்ளையின் முகமும் பெயரும் இருந்தால் சிக்கல் உங்கள் பக்கம் திரும்பும். பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி தண்டனைக்குரியது. ஆதாரத்தை எடுங்கள், பத்திரமாக வையுங்கள், பரப்பாதீர்கள்.

எது ஆதாரம்? எந்தெந்தத் தேதியில், எந்த நேரத்தில், யார் சொல்லி, எந்தெந்தப் பிள்ளைகள் கழுவினார்கள் என்று அன்றே ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள், உங்கள் கோபத்தை அதில் கலக்காதீர்கள். கரும்பலகையிலோ நோட்டிலோ முறைப் பட்டியல் இருந்தால் படம் எடுங்கள். கை வெந்திருந்தாலோ, மூச்சுத் திணறல் இருந்தாலோ அரசு மருத்துவமனைக்குப் போய், பள்ளியில் கழிப்பறை கழுவும்போது நடந்தது என்று மருத்துவரிடம் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் போட்டுவிட்டால் அந்தச் சாட்சி போய்விட்டது.

அடுத்தது மனு. தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. உயர்நிலை, மேல்நிலை என்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு (இடைநிலை). தனியார் பள்ளி என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு. எதுவாக இருந்தாலும் நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் போக வேண்டும். மனுவில் பிள்ளையின் வகுப்பு, சம்பவத் தேதிகள், சொன்னவரின் பதவி, இணைத்திருக்கும் ஆதாரம் ஆகியவற்றோடு மூன்று கோரிக்கைகள் இருக்கட்டும்: பிள்ளையைத் தலைமை ஆசிரியர் முன்னால் நிறுத்தாமல் தனியாக விசாரிக்க வேண்டும், விசாரணை அறிக்கையின் நகல் வேண்டும், துப்புரவுப் பணியாளர் நியமனம் பற்றி எழுத்தில் பதில் வேண்டும். உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்யும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். அதே சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி எழுத்துப் புகாரை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

மனுவை விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒப்புகையோடு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். "வச்சிட்டுப் போங்க, பார்க்கிறோம்" என்பார்கள். முத்திரை இல்லாத மனு, கொடுக்காத மனு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் கொடுக்கலாம், மனு எண் தருவார்கள். 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்) ஆகியவற்றில் சொன்னால் புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசிப் புகார் எழுத்து மனுவுக்குத் துணைதான், மாற்று அல்ல.

பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துக் கழுவ வைத்திருந்தால் கல்வித் துறையோடு நிற்காதீர்கள். காவல் நிலையத்தில் எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989இன் கீழ்ப் புகார் கொடுங்கள். சாதிச் சான்றிதழ் நகலை இணையுங்கள். இந்தச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி. இங்கேதான் ஏராளமானோர் ஏமாறுகிறார்கள். நிலையத்தில் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதை வழக்குப் பதிவு என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அது மனு பெற்றதற்கான ரசீது மட்டுமே. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் அதே புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். மறுபடியும் சொல்கிறேன்: சி.எஸ்.ஆர். ரசீது வழக்கு அல்ல.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. "டி.சி. கொடுத்து அனுப்பிடுவோம்" என்று பள்ளி மிரட்டினால் பயப்படாதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றச் சட்டத்தில் இடமில்லை.

அதிகாரிகளின் பழகிய வழி, சம்பந்தப்பட்டவரை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டு கோப்பை மூடுவது. மாறுதல் தண்டனை அல்ல. மாறிப்போன பள்ளியிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். துப்புரவுப் பணியாளர் இல்லாத கழிப்பறையும் அப்படியே கிடக்கும். அதற்குப் பள்ளி மேலாண்மைக் குழுவைப் பிடியுங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். கூட்டத்தில் பேசிவிட்டு வருவதோடு விடாதீர்கள். பணியாளர் நியமனம், தண்ணீர் இணைப்பு, சோப்பு ஆகிய மூன்றையும் தீர்மான நோட்டில் எழுத வைத்து, கையெழுத்துப் போட்டு, நகலை ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ அனுப்புங்கள். பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனுப் போடுங்கள். இந்தப் பள்ளியின் துப்புரவுக்குச் சென்ற ஆண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, யாருக்கு எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, பணியாளரின் வருகைப் பதிவேட்டு நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அந்தக் கெடு தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.