ஈசிஜி சரியாக இருக்கிறது. நெஞ்சு ஏன் அடைக்கிறது?

"நெஞ்சு அடைக்குது, கைகால் ஓடல" என்று சொல்லிக்கொண்டு வருவோரைப் பொது மருத்துவப் பிரிவில் நாள்தோறும் பார்க்கிறோம். முதலில் ஈசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். பெண்களுக்கு மாரடைப்பு வழக்கமான வலி இல்லாமலும் வரக்கூடும். ஆகவே, பரிசோதனைக்கு முன்பே "எல்லாம் டென்ஷன்தான்" என்று வீட்டார் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. இந்தக் கட்டுரை, எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருந்தும் பாரம் இறங்காதவர்களைப் பற்றியது.

ஒருவரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகப் பலரிடம் கேட்டவற்றைச் சேர்த்து அமைத்த சித்திரம் இது. ஐம்பதைக் கடந்த பெண்மணி. கணவர் மலேசியாவில், மகன் சென்னையில். காரைக்குடியை அடுத்த ஓர் ஊரில், ஆளரவமற்ற பெரிய வீட்டில், பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரை மூன்று ஆண்டுகளாகத் தனியாகப் பார்த்து வந்தார். இரவிலும் எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு நாள் மாமியார் கஞ்சியைத் துப்பியபோது கையிலிருந்த டம்ளரை வீசி எறிந்துவிட்டார். பிறகு வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்ட நின்றிருக்கிறார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கோவம் மட்டும் வராம இருக்க ஒரு மாத்திரை குடுங்க டாக்டர்."

அப்படி ஒரு மாத்திரை இல்லை. உளவியல் நிபுணரிடம் அனுப்பினேன். அங்கு அவருக்குக் கிடைத்தது, உணர்வை மையமாகக் கொண்ட உளச்சிகிச்சையின் வழிமுறை. கனடாவின் டொராண்டோ நகரில் யார்க் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த லெஸ்லி கிரீன்பெர்க்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களில் தொடங்கி வளர்த்தெடுத்த முறை இது. மனச்சோர்வுக்கு இது பயன் தருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இம்முறை உணர்வுகளை அடுக்குகளாகப் பார்க்கிறது. மேலே தெரிவது பெரும்பாலும் இரண்டாம் நிலை உணர்வு; அதன் அடியில் முதன்மை உணர்வு ஒன்று கிடக்கும். துக்கத்தைத் தாங்க முடியாதவர் எரிந்து விழுவார். கோபப்பட உரிமையில்லை என்று வளர்க்கப்பட்டவர் அழுதுகொண்டே இருப்பார். மேலடுக்கை மட்டும் அடக்கினால் கீழே உள்ளது அப்படியே இருக்கும். எனவே சிகிச்சையாளர் அவசரப்பட்டு ஆறுதல் சொல்வதில்லை. "அந்த நேரத்தில் உடம்பில் எங்கே என்ன செய்கிறது? அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? அதற்கு என்ன தேவை?" என்று மெல்லக் கேட்டபடி, அந்த உணர்வின் அருகிலேயே நோயாளியை இருக்கச் செய்கிறார்.

நம் பெண்மணியின் கோபத்துக்கு அடியில் இருந்தது அவருடைய தாய். மாமியாரை விட்டு நகர முடியாத நாட்களில்தான் அந்த அம்மாள் காலமாகியிருந்தார். எடுக்கும் நேரத்துக்குத்தான் மகளால் போய்ச் சேர முடிந்தது. காரியம் முடிந்ததும் திரும்பிவிட்டார். அவர் அழுது தீர்க்கவே இல்லை.

இத்தகைய முடிவுறாத துக்கத்துக்கு இச்சிகிச்சையில் 'காலி நாற்காலி' என்றொரு பயிற்சி உண்டு. இறந்தவர் எதிர் நாற்காலியில் அமர்ந்திருப்பதாகக் கொண்டு, சொல்லாமல் விட்டதை அவரிடமே சொல்வது. இது நமக்கு அந்நியமானதாக எனக்குத் தோன்றவில்லை. நம் ஊர்களில் ஒப்பாரி வைக்கும் பெண்கள் இறந்தவரை முன்னிலையில் வைத்துத்தானே பேசினார்கள்? அன்பும் மனக்குறையும் ஒன்றாகவே வெளிவந்தன. இப்போது பல சாவு வீடுகளில் அதையும் ஒலிபெருக்கியிடம் ஒப்படைத்துவிட்டோம். ஒப்பாரி சிகிச்சை ஆகிவிடாது என்பதும் உண்மை. சிகிச்சையில், பேச்சு எங்கே தாங்க முடியாததாகிறது என்று கவனித்து நிறுத்துவதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் உடன் இருக்கிறார்.

நிறுத்துவதும் இச்சிகிச்சையின் பகுதியே. உணர்வு வெள்ளமாகப் பெருகும்போது அதை ஆராயக் கூடாது. முதலில் கரையேற வேண்டும். பாதங்களைத் தரையில் அழுத்தி ஊன்றுவது, மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்குவது, கண்ணெதிரே உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வது ஆகியவை அதற்கு உதவும். இவற்றை வீட்டிலேயே செய்யலாம். காலி நாற்காலியைத் தனியாக முயல வேண்டாம். கடும் மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் இதற்காக மருந்தை நிறுத்தவும் கூடாது.

சில மாதங்களில் அவருக்கு நெஞ்சடைப்பு வெகுவாகக் குறைந்தது. வேலை குறையவில்லை, மாமியாரின் உடல்நிலையும் மாறவில்லை. ஆனால் தமக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாத்தனாரைத் தொலைபேசியில் அழைத்து, மாதத்தில் நான்கு நாட்கள் வந்து இருக்கும்படி கேட்டார். மூன்று ஆண்டுகளில் அவர் உதவி கேட்டது அதுவே முதல் முறை. நாத்தனார் உடனே சம்மதித்துவிடவில்லை. இரண்டு மாதம் கழித்தே வந்தார்.

வீட்டார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. "அழாதே, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வதற்குப் பதிலாக அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். கெட்டிக்காரர்கள் என்று பெயர் எடுத்தவர்களைக் குறிப்பாகக் கவனியுங்கள். அவர்களே கடைசியில் வருகிறார்கள்.

இம்முறையில் முழுப் பயிற்சி பெற்றவர்கள் நம் பகுதியில் அரிது. எனினும் இதன் வழிமுறைகளைக் கையாளும் உளவியல் நிபுணர்கள் உள்ளனர். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவம் பெறலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். உயிரை விட்டுவிடும் எண்ணம் வந்தால் முன்பதிவுக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே வந்துவிடுங்கள். மற்றபடி, அடுத்த முறை நோயாளிக்கு ஓ.பி. சீட்டு வாங்கும்போது உடன் வருபவரும் தம் பெயரில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.