இலை நுனி கருகினால் மேலும் உரம் போடலாமா?

ரப்பர் தோட்டங்களை விட்டு வெளியேறித் தாமான்களில் குடியேறிய குடும்பங்கள் பல, வீட்டோரம் கிடைக்கும் சிறு நிலத்தில் பழமரம் வைக்கும் பழக்கத்தை விடவில்லை. ஈப்போ, தம்புன் வட்டாரத்தில் பம்பளிமாசுக்குத் தனி இடமுண்டு. கன்று நட்டுப் பழம் பறிக்கச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதற்குள் இலை நுனி கருகினால், சத்துப் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஒரு பிடி உரத்தை அள்ளிப் போடுகிறார்கள். பல சமயங்களில் மரத்தைக் கெடுப்பதே அந்தக் கைப்பிடி உரம்தான். காரணம், இரசாயன உரங்களில் பெரும்பாலானவை ஒரு வகை உப்பே.

உப்பு என்ன செய்கிறது?

ஊறுகாய் போடுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். நறுக்கிய எலுமிச்சையில் உப்பைத் தூவி வைத்தால் நீர் விட்டுக்கொள்ளும். மண்ணில் உப்பு மிகுந்தாலும் அதே கதைதான். வேர் நீரை உறிஞ்ச முடியாமல் திணறுகிறது. மண் ஈரமாக இருக்கும், மரமோ வாடும். அதோடு குளோரைடும் சோடியமும் நீருடன் ஏறி இலையில் தங்கிவிடுகின்றன. முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் முதலில் கருகுவது இதனால்தான். பிறகு பிஞ்சு உதிரும், பழம் சிறுக்கும்.

மண்ணின் உப்பை மின்கடத்தும் திறனைக் கொண்டு அளக்கிறார்கள். 1977இல் மாஸ், ஹாஃப்மன் என்ற இரு அறிவியலாளர்கள் வெளியிட்ட அட்டவணைப்படி, பேரீச்சை 4 அலகு வரை தாங்கும். ஆரஞ்சுக்கு 1.7ஐத் தாண்டினாலே ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் சுமார் 16 விழுக்காடு குறையும். பம்பளிமாசும் ஆரஞ்சு இனமே.

பேராக்கில் உப்பு எங்கிருந்து வருகிறது?

பாகான் டத்தோ போன்ற கடலோரத்தில் கடல் நீரே காரணம். அதைத் தடுக்கக் கரைகளும் நீர்க்கதவுகளும் உள்ளன. உப்பைத் தாங்கும் தென்னை அங்கு செழிப்பதில் வியப்பில்லை. ஈப்போ போன்ற உட்பகுதியிலோ இயற்கை உப்பை மழை கழுவிவிடுகிறது. அங்கே உப்பு வருவது உர மூட்டையிலிருந்துதான். வழக்கமான பொட்டாஷ் உரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி குளோரைடு. கோழிச்சாணத்திலும் உப்பு அதிகம். பூச்சட்டியிலும் நீர் வடியாத களிமண்ணிலும் இவை தேங்கிவிடும்.

பழைய ரப்பர் நிலங்கள் பெரும்பாலும் புளிப்பு மண். சுண்ணாம்பு அந்தப் புளிப்பைத்தான் குறைக்கும்; உப்பைப் போக்காது. ஆகவே இரண்டையும் பரிசோதித்த பிறகே மருந்து.

தீர்வு என்ன?

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டின் நாகப்பட்டினத்து வயல்களில் கடல் நீர் புகுந்தது. அங்கு உப்பைக் கழுவ உதவியது மழை நீரும் நல்ல வடிகாலும்தான். வீட்டு மரத்துக்கும் அதுவே வழி. உரத்தை நிறுத்துங்கள். சட்டியின் அடியில் வழியும் வரை நல்ல நீரைப் பலமுறை ஊற்றுங்கள். தரையில் மேடு கட்டி நடுங்கள், வாய்க்கால் வெட்டுங்கள். அடிமரத்தைத் தொடாமல் சருகு மூடாக்கு இடுங்கள். புதுத் தளிர் நலமாக வந்த பின் உரத்தைச் சிறிது சிறிதாகப் பிரித்துப் போடுங்கள். கருகிய இலை மீண்டும் பச்சையாகாது. புதிய இலையைப் பார்த்துத்தான் மரம் தேறியதா என்று அறிய வேண்டும்.