இஞ்சியும் சுக்கும்

சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றன் தொகுதி திரிகடுகம் எனப்படும். நல்லாதனார் இயற்றிய நீதிநூல் இம்மருந்தின் பெயரையே தாங்கி நிற்கின்றது. இவற்றுள் சுக்கினை 'உலர்ந்த இஞ்சி' என்று உரைத்து அமைவது பொதுவழக்கு. வேதிநூல் அவ்வளவில் அமையவில்லை.

பசிய இஞ்சியின் காரத்திற்குச் சிறந்த காரணம் ஜிஞ்சரால் என்னும் பொருள். இஞ்சி உலருங்கால் அதில் ஒரு பகுதி நீரின் கூறிழந்து ஷோகால் என்னும் வேறொரு பொருளாகின்றது. இது முன்னதினும் காரம் மிக்கது. மிளகும் திப்பிலியுமோ பெயரால் வேறுபடினும் காரத்தால் ஒன்றுபடுவன. எர்ஸ்டெட் என்னும் டென்மார்க்கு அறிஞர் 1819இல் மிளகிலிருந்து பிரித்தெடுத்த பைப்பரினே இரண்டற்கும் பொது.

இதுகொண்டு முன்னோர் வேதியியல் அறிந்திருந்தனர் எனல் மிகைக்கூற்றாம். நாவும் உடலும் உணர்ந்த வேறுபாட்டைச் சொல் காத்து நிற்கின்றது என்பதே தகும். அதனைக் கருதாது சுக்கினை இஞ்சியென்றே உரைப்பின், சொல் காத்த பொருளை உரை இழந்துவிடும்.