பணம் வந்ததா, வந்தது போலத் தெரிகிறதா?

பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து, பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஒரு சந்தையே முடங்கிப்போக இந்த ஒன்று போதும் என்று அதில் காட்டினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1995-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபே ஏலத் தளத்துக்கு முதல் நாளிலிருந்தே இருந்த சிக்கலும் இதுதான். முகம் தெரியாத ஒருவரை நம்பி யார் பணம் கட்டுவார்கள்? அதனால் தளத்தின் காவல் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை வாங்குபவரைக் காக்கவே வந்தன. பொருள் வந்து சேரவில்லை என்றாலோ, சொன்னபடி இல்லை என்றாலோ பணம் திரும்பிவிடும். 2008-க்குப் பிறகு, வாங்கியவரைப் பற்றி விற்றவர் மோசமான மதிப்பீடு தரவும் வழியில்லை.

நியாயமான ஏற்பாடுதான். ஆனால் வாங்குபவராக வந்து நிற்பவனே மோசடிக்காரன் என்றால், அத்தனை பாதுகாப்பும் அவன் கைக்கருவியாகிவிடுகிறது. லேப்டாப், கேமரா, செல்போன் போன்றவற்றை அவன் குறிவைக்கக் காரணம் வெளிப்படை: சிறியவை, விலை அதிகம், அன்றைக்கே மறுவிலைக்குப் போகும்.

விற்பவரின் ஆபத்து, காலத்தில் ஏற்படும் ஓர் இடைவெளியில் இருக்கிறது. கூரியரில் போன பொருளைத் திரும்பப் பிடிக்க முடியாது. கணக்கில் ஏறிய பணத்தையோ பல மாதம் கழித்துக்கூடத் திரும்ப எடுக்க முடியும். கிரெடிட் கார்டு கணக்கில் தவறான கட்டணத்தை எதிர்த்து முறையிடும் உரிமையை அமெரிக்கா 1974-இல் சட்டமாக்கியது. இணையப் பணப் பரிமாற்ற நிறுவனமான பேபால் புகார் செய்ய 180 நாள் தருகிறது. திருட்டுக் கார்டில் ஒருவன் உங்கள் லேப்டாப்பை வாங்கினால், கார்டின் உண்மையான சொந்தக்காரர் பில்லைப் பார்த்துப் புகார் கொடுக்கும் நாளில் அந்தப் பணம் உங்களிடமிருந்து போகும். லேப்டாப் எப்போதோ கைமாறியிருக்கும்.

வங்கிக் காசோலையிலும் இதே இடைவெளிதான். வாடிக்கையாளரின் பணத்தை வங்கிகள் நாள்கணக்கில் முடக்கி வைக்கக்கூடாது என்று 1987-இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. போட்ட காசோலைக்கு மறுநாளே பணம் கணக்கில் தெரியும். அது போலி என்று தெரியவர வாரக்கணக்காகலாம். 'தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்' என்று ஒருவன் அவசரப்படுத்துவது இந்த வாரங்களை நம்பித்தான். இதைவிட மலிவான வித்தை, 'உங்கள் பணம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, டிராக்கிங் எண் கொடுத்தால் விடுவிக்கிறோம்' என்று பணப் பரிமாற்ற நிறுவனத்தின் பெயரில் வரும் போலி மின்னஞ்சல். அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களே உங்கள் கணக்குக்குள் போய்ப் பார்த்தால் அங்கே பணம் வந்திருக்காது.

ஏலத்துக்கே உரிய தந்திரம் ஒன்றும் உண்டு. ஈபே ஏலத்தில், அதிகபட்சமாக எவ்வளவு தருவோம் என்பதை ஒவ்வொருவரும் ரகசியமாகப் பதிகிறார்கள். திரையில் தெரியும் விலை, இரண்டாவது பெரிய தொகைக்குச் சற்று மேலே நிற்கும். இதையொத்த ஏல முறையை வில்லியம் விக்ரி 1961-இல் கணிதமாக ஆராய்ந்தார். அவரும் நோபல் பெற்றவர்தான். இப்போது, 1,200 டாலர் பெறும் ஒரு கேமராவுக்கு ஒருவன் 200 டாலர் கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் கூட்டாளிகள் இருவர் 1,900, 2,000 என்று ஏற்றிவிடுகிறார்கள். விலை 1,900-ஐத் தாண்டியதும் உண்மையாக வாங்க வந்தவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். பிறகு கூட்டாளிகள் இருவரும் தங்கள் கேட்பைத் திரும்பப் பெற, முதலாமவன் 200 டாலருக்குள் கேமராவைத் தட்டிச் செல்கிறான். இதைத் தடுக்கத்தான், கடைசி 12 மணி நேரத்தில் கேட்டவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் மட்டுமே பின்வாங்கலாம் என்று ஈபே விதி வைத்திருக்கிறது. 'இதற்குக் கீழே விற்க மாட்டேன்' என்று ஒரு குறைந்தபட்ச விலையையும் வைத்துவிட்டால் இந்தத் தந்திரம் பலிக்காது. விலை உயர்ந்த பொருளுக்கு, உடனே பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு நிலையான விலையில் விற்பதே மேல் என்பது என் கருத்து.

மனதை மிகவும் நோகடிப்பது மாற்றி அனுப்பும் மோசடி. நல்ல போனை வாங்கிக்கொண்டு, அதே மாடலில் உடைந்துபோன ஒன்றை 'இதைத்தான் அனுப்பினீர்கள்' என்று திருப்புவார்கள். இதற்கு விடை போனுக்குள்ளேயே இருக்கிறது. *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். முதல் 8 இலக்கம் மாடலைச் சொல்லும், அடுத்த 6 அந்த ஒரு கருவிக்கு மட்டும் உரியது, கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. ஐபிஎம் பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமை கேட்ட கணக்கு அது. இரண்டாவது, நான்காவது என ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டித்து, இரட்டித்தது இரண்டு இலக்கமானால் அவற்றைக் கூட்டி ஒன்றாக்கி, 15 இடங்களையும் கூட்டினால் 10-இன் மடங்கு வரவேண்டும். 490154203237518 என்ற எண்ணுக்குப் போட்டுப் பாருங்கள், 60 வரும். ஓர் இலக்கம் பிசகினாலும் கணக்கு உதைக்கும். திருட்டைத் தடுக்க வந்த கணக்கல்ல இது. ஆனால் எண்ணைப் பிழையாகக் குறித்துவைத்தால் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே அந்த எண் திரையில் தெரியும்படி, பெட்டியில் வைத்து ஒட்டி எடை போடுவது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். பரிவர்த்தனையில் உள்ள முகவரியைத் தவிர வேறெங்கும் அனுப்பாதீர்கள்; 'மருமகன் வீட்டுக்கு அனுப்புங்கள்' என்று மாற்றச் சொன்னால் அனுப்பும் முன்பே விற்பனையை ரத்து செய்யுங்கள். 750 டாலரும் அதற்கு மேலும் என்றால் பெற்றவரின் கையெழுத்தை ஈபே ஆதாரமாகக் கேட்கும். நேரில் வந்து வாங்கிக்கொண்டு போனவர் 'கிடைக்கவில்லை' என்று புகார் செய்வதும் உண்டு. நேரில் கொடுத்தால் ரொக்கமே நல்லது.

நம்மூரில் ஈபேயின் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டது. பழைய போனை இப்போது விளம்பரத் தளங்களில் விற்கிறோம். பணம் யுபிஐ-யில் வருகிறது. இங்கே, 'இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் எண் போடுங்கள், உங்களுக்குப் பணம் வரும்' என்பார்கள். யுபிஐ-யில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பின் எண் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகிறது. எதிராளி காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் குறுஞ்செய்தியையும் நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கின் இருப்பைப் பார்த்த பிறகே போனைக் கொடுங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒரு நாளைக்கூட வீணாக்க வேண்டாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் தடுத்து நிறுத்த வாய்ப்பிருக்கிறது. இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள்.