மண்ணடக்கமும் மனத்தச்சமும்

இராயபுரத்தினின்று வடக்கே கடற்கரையோரமாய்த் திருவொற்றியூர் வரையில் நடந்து செல்வானொருவன், ஏறக்குறைய நான்கு மைல் தொலைவுக்குள், மனிதர் தம் இறந்தாரைக் குறித்துக் கொண்டுள்ள கருத்துக்கள் பலவற்றையும் கண்கூடாகக் காணலாம். பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்பர். அவர் பெயரால் படகோட்டும் மரபினர் எழுப்பிய ஆலயம் இராயபுரத்தில் உளது. அதற்கு நெடுந்தூரத்திலன்றி 1910-இல் கட்டி முடிக்கப்பெற்ற பார்சியரின் அக்கினிக் கோயில் நிற்கின்றது. நிலமும் நெருப்பும் நீரும் தூயன, அவற்றைப் பிணத்தால் மாசுபடுத்தலாகாது என்பது அவர்தம் பழங்கொள்கை. ஆயினும் பம்பாயிலுள்ளது போன்ற மௌன கோபுரம் சென்னையில் இன்மையால், இங்குள்ள பார்சியர் தம் இறந்தாரை மண்ணிலேயே அடக்குகின்றனர். சற்று மேற்கே மூலகொத்தளம். 1939-ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு உயிர்நீத்த நடராசன், தாளமுத்து என்பாரின் நினைவிடம் ஆண்டுளது. காசிமேட்டில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம். இறுதியாக, ஒற்றியூர்க் கடலோரத்தில் பட்டினத்தடிகளின் சமாதி.

இத்துணைச் சமயத்தாரும் தத்தம் முறையில் இறந்தாரை அடக்குகின்ற இடத்தில் பிறந்து வளர்ந்தும், அடக்கம் செய்யப்பட்டவர்க்கு யாதேனும் உணர்வுண்டோ என்னும் வினாவை யான் முதன்முதல் கேட்டது ஒரு நூலினிடத்தன்று, என் ஆயாவினிடத்தேயாம். எண்பது வயதைக் கடந்த அவர், நோய்ப்படுக்கையில் ஒரு மாலை என் கையைப் பற்றிக்கொண்டு, “என்னை ரொம்ப ஆழமாப் போட்டுடாதீங்கப்பா, மூச்சு முட்டும்” என்றார். கல்லூரியில் விஞ்ஞானம் பயிலுகின்ற பேரன் யாது விடை கூறினான் எனின், ஒன்றும் கூறவில்லை. அவ்விடையைப் பிற்பாடு தேடியதன் பயனே இக்கட்டுரை.

அவ்வொரு வாக்கியத்துள் இரண்டு அச்சங்கள் அடங்கியுள்ளன. உயிர் முற்றும் நீங்காமுன்னரே புதைத்துவிடுவாரோ என்பது ஒன்று. உயிர் நீங்கிய பின்னரும் உடல் இருளையும் பளுவையும் வெம்மையையும் உணருமோ என்பது மற்றொன்று. இவை வேறு வேறு வினாக்கள். இவற்றிற்கு விடையும் வேறு வேறு.

முன்னதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. இருதயத் துடிப்பைக் கேட்கும் கருவியை லென்னெக் என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1816-இல் அமைக்குமுன், ஒருவன் இறந்தான் என்பதற்குச் சான்று மூக்கருகே பிடித்த கண்ணாடியும் இறகுமேயாம். 1799-இல் மரணப்படுக்கையிலிருந்த ஜார்ஜ் வாஷிங்டன், தாம் இறந்து மூன்று நாள் கழியுமுன் தம்மைக் கல்லறையில் வைக்கலாகாது என்று செயலாளரிடம் வாக்குப் பெற்ற பின்னரே அமைதியுற்றார். ஜெர்மனியில் ஹூபலந்து என்னும் வைத்தியரின் தூண்டுதலால் 1790-களில் காத்திருப்புச் சவவில்லங்கள் ஏற்பட்டன. பிணத்தின் விரலில் நூல் கட்டி, அந்நூலை மணியொடு பிணைத்து, காவலன் இரவு பகல் செவி சாய்த்திருப்பான். பிணம் ஊதி அசைந்ததனால் மணி அடித்ததுண்டு. 1897-இல் கர்னிசே-கர்னிட்ஸ்கி என்னும் உருசியப் பிரபு, மார்பு சிறிது அசைந்தாலும் காற்றுக் குழாய் திறந்து, மேலே கொடியும் உயரும் பெட்டியொன்றைச் செய்தார். அதுவும் அழுகும் உடலின் அசைவையும் உயிருள்ள உடலின் அசைவையும் பிரித்தறியும் ஆற்றலற்றது. வாந்திபேதி பரவிய நூற்றாண்டில், தொற்றுக்கு அஞ்சி விரைந்து புதைத்த மக்களுக்கு இவ்வச்சம் எழுந்தது வியப்பன்று.

நம் நாட்டில் இவ்வச்சம் குறைவாயிருந்தமைக்கு நம் வழக்கமே காரணமாயிருக்கலாம் என்பது என் கருத்து. வெளியூர் உறவினர் வந்து சேரும் வரையில் உடலை நடுவீட்டில் கிடத்தி, இரவெல்லாம் விளக்கெரிய விட்டு, பெண்டிர் சூழவிருந்து ஒப்பாரி வைப்பர், நீராட்டுவர், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவர், வாய்க்கரிசி இடுவர். இவையெல்லாம் சடங்கேயாயினும், பத்துப்பேர் பலமணி நேரம் அவ்வுடலைத் தொட்டும் பார்த்தும் இருக்கின்றனர். நம் வெப்ப நாட்டில் இரண்டு மூன்று மணிக்குள் விறைப்புத் தொடங்கும். கிடத்திய பக்கத்தில் குருதி தேங்கிச் செந்நீலம் படரும். இவற்றை ஏமாற்றும் மயக்கம் எதுவும் இல்லை. இக்காலத்தில் உடலைக் குளிர்ப்பெட்டியில் இட்டுவிடுவதனால் இக்குறிகள் தாமதிக்குமேனும், அதற்குமுன் வைத்தியர் சான்று பெற்றிருத்தல் வேண்டும்.

இனிப் பட்டினத்தடிகளின் வரலாற்றை நோக்குவோம். ஒற்றியூர்க் கடற்கரையில் அவர் சிறுவரோடு விளையாடினார் என்றும், தம்மை மண்ணிற் புதைக்கச் செய்து வேறோரிடத்திலிருந்து எழுந்து வந்து அவர்களை வியப்பித்தார் என்றும், இறுதியாக ஒருமுறை மூடியதைத் திறந்தபோது இலிங்க வடிவே எஞ்சியது என்றும் கூறுவர். கதையை வரலாறாகக் கொள்ளாதாரும் இதில் ஒன்றைக் கவனித்தல் தகும். எவனும் அஞ்சும் புதைகுழி இங்குச் சிறுபிள்ளை விளையாட்டாகின்றது. அக்கதையைச் சொல்லிய மக்களோ நாள்தோறும் கடலில் உயிரைப் பணயம் வைத்த பரதவர் வாழும் கரையிலிருந்தவர்.

உயிரோடு புதையுண்டு மீண்ட யோகியரைக் குறித்த செய்திகளும் உள. 1837-இல் இலாகூரில் ரஞ்சித் சிங் அரசர் முன்னிலையில் ஹரிதாஸ் என்னும் பக்கிரி நாற்பது நாள் அடைபட்டிருந்து மீண்டதை ஆங்கில அதிகாரிகள் எழுதி வைத்தனர். அதனை ஜேம்ஸ் பிரெய்டு என்னும் வைத்தியர் 1850-இல் தம் நூலில் ஆராய்ந்தார். இக்காலச் சோதனைக்கு உட்படாத அச்செய்தியை யான் உறுதியாகக் கொள்ளேன். ஆனால் 1961-இல் டெல்லி மருத்துவ ஆராய்ச்சியாளர், இராமானந்த யோகி என்பாரைக் காற்றுப் புகாப் பெட்டியில் இருத்தி அளந்தபோது, உடல் ஓய்வில் வேண்டும் பிராணவாயுவினும் குறைவாகவே அவர் செலவிட்டதைக் கண்டனர். குறைத்தல் வேறு, இல்லாதிருத்தல் வேறு என்பதை மறத்தலாகாது.

இரண்டாம் அச்சத்திற்கு வருவோம். ஒற்றியூர்த் தெய்வங்களைப் பாடியவரும், சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்து அக்கோயிலுக்குப் பலகாலும் சென்று வந்தவருமாகிய இராமலிங்க அடிகள் (1823-1874), மேட்டுக்குப்பத்தில் இருந்த காலத்தில், இறந்தாரைத் தகனம் செய்யாது சமாதியில் வைத்தல் வேண்டும் என்று தம் அன்பர்க்கு வற்புறுத்தி அறிவித்தார். அழவேண்டா, கருமங்கள் செய்யவேண்டா, கணவனையிழந்தாள் தாலி களையவேண்டா என்பனவும் அவ்வறிவிப்பின் பகுதிகள். இறந்தார் மீண்டெழுவர் என்பதே அவர் அன்பர்தம் உறுதி. 1874 ஜனவரி 30-ஆம் நாள் அடிகள் தாமே அறையொன்றிற் புகுந்து கதவடைத்துக்கொண்டார். அதன்பின் அவரைக் கண்டார் இலர். திருமந்திரமும் ஞானியரின் உடலைச் சுடலாகாது என்று கூறி, நிலவறை அமைக்கும் முறையை விரித்துரைக்கின்றது. நெருப்புக்கு அஞ்சிய இவ்வுள்ளத்தை நகையாடுவார், சுடுகாட்டில் நின்று பார்த்தவரல்லர்.

சுடுகாட்டில் பிணம் எழுந்து உட்காரும் என்பது பலர் கண்ட காட்சி. வெட்டியான் கோலால் தட்டிப் படுக்கச் செய்வதைக் கண்ட சிறுவன் அதனை வாழ்நாள் முழுதும் மறவான். சுட்டது பொறாமல் எழுந்தார் என்றே எண்ணுவான். உண்மை யாதெனின், வெப்பத்தால் தசைகளிலுள்ள புரதம் உறைந்து சுருங்குகின்றது. மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளினும் வலியவாதலின் கையும் முழங்காலும் மடங்கி, உடல் நிமிர்வது போலத் தோன்றும். முட்டையின் வெண்கரு கொதிநீரில் இறுகுவதும் இவ்வகையினதே. அங்ஙனமே, உடலைப் புரட்டுங்கால் முனகலொலி எழுதல் நுரையீரலில் எஞ்சிய காற்று வெளிவருதலாலாம். இறந்தபின் நகமும் மயிரும் வளர்கின்றன என்பதோ, தோல் உலர்ந்து பின்வாங்குவதனால் ஏற்படும் மயக்கம்.

உணர்வென்பது மூளையின் தொழிலாதலின் அதன் நிலையை அறிதல் வேண்டும். நெஞ்சத் துடிப்பு நின்ற பத்துப் பதினைந்து விநாடிகளில் நினைவு தப்பும். ஏறக்குறைய முப்பது விநாடிக்குள் மூளை மேற்பரப்பின் மின்னலைகள் அடங்கும். அவ்விறுதித் தறுவாயில் ஏதோ நிகழ்கின்றது என்பதும் மெய்யே. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எலிகளிடத்தும், 2023-இல் செயற்கைச் சுவாசம் நீக்கப்பட்ட நோயாளிகள் நால்வருள் இருவரிடத்தும், குறுகிய காலத்துக்கு மின்னலைகள் பொங்கி எழுந்ததைக் கண்டனர். 2014-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், இருதயம் நின்ற 2060 பேரை ஆராய்ந்து, பிழைத்த 330 பேருள் 140 பேரை வினவினர். ஒருவர் மட்டும் தம்மைச் சூழ நிகழ்ந்தவற்றைச் சரிபார்க்கத்தக்கவாறு கூறினார். எல்லையின் தன்மையைப் பற்றி இவற்றால் எழும் வினாக்கள் பல. ஆனால் இவையனைத்தும் விநாடிகளையும் நிமிஷங்களையும் பற்றியன. இராயபுரத்து வீட்டுக்கும் காசிமேட்டுக் குழிக்கும் இடையிலோ பல மணி நேரம் கழிகின்றது. பிராணவாயு அற்ற மூளை சில நிமிஷங்களிலேயே சிதையத் தொடங்குமாதலின், குழியில் இடப்படுவது உணரும் கருவியை இழந்த உடலேயாம்.

இஃது இத்துணைத் தெளிவாயின், படித்தவனும் அஞ்சுவதேன்? பகலில் வாதக்கூட்டத்தில் நாத்திகம் பேசும் விடுதி மாணவர் சிலர் இரவில் கல்லறை வழியைச் சுற்றிச் செல்வதை யான் அறிவேன். 2004-இல் பெரிங் முதலான அமெரிக்க ஆராய்ச்சியாளர், முதலையொன்று சுண்டெலியைத் தின்றுவிடும் பொம்மைக் கூத்தைக் குழந்தைகளுக்குக் காட்டி, எலிக்கு இன்னும் உணவு வேண்டுமோ என்றனர். வேண்டா என்றவர் பலர். தாயை இன்னும் நேசிக்கின்றதோ என்றவிடத்து, ஆம் என்றவர் மிகுதி. பசியற்றிருத்தலை நாம் எண்ணிப் பார்க்க இயலும். எண்ணமே அற்றிருத்தலை எண்ணிப் பார்க்க இயலாது. தன் பிணத்தை நினைப்பவன், அதன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் தன்னையும் கூடவே கற்பித்துக்கொள்கின்றான் என்று உரோமக் கவி லுக்ரீசியஸ் கிறிஸ்துவுக்கு முந்தியே கண்டுரைத்தார். மூச்சு முட்டுவது அப்பக்கத்தில் நிற்பவனுக்கு.

நம் திருச்சபையிலும் இது தீர்ந்த வினாவன்று. பிரசங்கியின் நூல் இறந்தாரை அறிவற்றவராகக் கூறும். ஆதிக் கிறிஸ்தவர் கல்லறைக்கு இட்ட கிரேக்கப் பெயரின் பொருள் துயிலிடம். லூத்தர் ஆன்மத் துயிலின்பால் சாய்ந்தார். கால்வினோ அதனை மறுத்துத் தனி நூலே இயற்றினார். ஆயினும் ஆன்மாவின் நிலையைப் பற்றி மாறுபட்ட இருவரும், உடல் குழியில் வருந்துகின்றது என்றாரல்லர்.

இவ்வச்சம் தனி மனிதனின் இரவுத் துயிலைக் கெடுப்பதோடு நிற்பின் கட்டுரைக்குத் தேவையில்லை. 2020 ஏப்ரலில், கொள்ளைநோயால் இறந்த வைத்தியர் ஒருவரைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாது கூட்டத்தார் கல்லெறிந்தனர். இறந்தவனிடம் ஏதோ எஞ்சிநின்று நம்மைப் பற்றும் என்ற அச்சமே அவர் கையில் கல்லைக் கொடுத்தது. உறுப்புத் தானமும் இவ்விடத்தே தடைப்படுகின்றது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூளைத்தண்டு இறந்ததென்பதை வைத்தியர் நால்வர், ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதி செய்தல் வேண்டும். அங்ஙனம் செய்த பின்னரும், மார்பு ஏறி இறங்குவதைக் காணும் தாய், “புள்ளைக்கு வலிக்குமே” என்கின்றாள். அவளைக் கடிந்து பயனில்லை. அவ்வசைவு கருவியினுடையது, மகனுடையதன்று என்பதை அமர்ந்து எடுத்துரைக்க ஒருவர் வேண்டும்.

என் ஆயாவுக்கு அங்ஙனம் உரைக்க ஒருவரும் இலராயினோம். அடக்கத்தன்று என் மாமா குழி வெட்டுவாரிடம் சென்று, ஆழத்தைக் குறைக்கலாமோ என்று மெல்லக் கேட்டார். அவர் கூடாதென்று தலையசைத்துவிட்டு, கட்டியான மண்ணை ஒருபுறம் ஒதுக்கி, கடற்கரை மணலையே முதலில் கையால் அள்ளிப் போடும்படி எங்களிடம் கூறினார். நாங்கள் அவ்வாறே போட்டோம்.